காளையின் கண்ணீரும் கொம்பில் மாட்டிய என் வலையும்

"பூச்சி புடிக்கறதுக்கா இவ்ளோ படிச்ச? எங்க வீட்டு செவுத்துல ஒரு பல்லி இருக்குது. அது ஒருநாளும் ஸ்கூல் பக்கம் போனதில்லம்மா. ஆனா நல்லாத்தான் புடிக்குது."

இதைச் சொன்னவர் திம்மராயப்பா மாமா. (சொந்த மாமா இல்லை. எதிர்வீட்டுக்காரர். ஆனால் சொந்த மாமாக்களுக்கு உள்ள எல்லா உரிமைகளையும் தானாகவே எடுத்துக்கொண்டவர்.) அந்துப்பூச்சிகளைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்ய எனக்கு பெங்களூரில் இடம் கிடைத்துவிட்டது என்று அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. மாமா லட்டைத் தின்று முடித்துவிட்டுத்தான் பல்லி விஷயத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு இன்னொரு லட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

அறிவியல்படி பார்த்தால் அவர் பல்லியைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

எங்கள் ஊர் பெங்களூருக்கு இந்தப் பக்கம், மாநில எல்லையோரத்தில், உத்தனப்பள்ளிக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் தக்காளித் தோட்டம், மறுபக்கம் கம்பெனி காம்பவுண்டுச் சுவர். அப்பா தக்காளியும் கோஸும் போடுகிறவர். அம்மா ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிறவர். இருவரும் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது என்னைச் சேர்க்கத்தான். எங்கள் வம்சத்தில் ரேங்க் கார்டு என்ற பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஆள் நான். அதை எந்தப் பக்கம் பிடித்துப் பார்ப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியாததால், மார்க் குறைந்த வருடங்களில் எனக்குப் பெரிய தொந்தரவு இருந்ததில்லை.

அப்பா என்னைப் "பூச்சி டாக்டர்" என்று ஊருக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பலன் மறுநாளே தெரிந்தது. ஓட்டை விழுந்த தக்காளிகளோடு ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். "என்னா மருந்து அடிக்கலாம் பாப்பா?" அந்த ஓட்டையைப் போட்ட புழு, அந்துப்பூச்சியின் பிள்ளை. நானோ அந்தத் தாயைப் பற்றிப் படிக்கப் போகிறவள். "நீ பூச்சிய சாகடிக்கற டாக்டரா, பொழைக்க வைக்கற டாக்டரா?" என்று ஒருவர் கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தக்காளியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் மாமாவின் காளை என் வாழ்க்கைக்குள் வந்தது.

காளையின் பெயர் சுனாமி. வெள்ளை உடம்பு, நீண்ட கொம்பு. எங்கள் பக்கத்து எருது விடும் விழாக்களில் அதன் பெயரை மைக்கில் சொன்னால் கூட்டம் தானாக இரண்டாகப் பிளக்கும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கம் மாட்டை யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. கொம்பில் ஜிகினா ஒட்டிய அலங்காரத் தட்டி கட்டி ஓடவிடுவோம். ஓடுகிற மாட்டின் கொம்பிலிருந்து தட்டியைப் பறிக்கிறவனுக்கு அந்தத் தட்டியும் அதில் இருக்கும் பரிசும் சொந்தம். சுனாமியின் கொம்பிலிருந்து அதுவரை ஒருவனும் எதையும் பறித்ததில்லை. மாமாவுக்கு அதில் இருந்த பெருமை, தன் பிள்ளைகள் வேலைக்குப் போனதில்கூட இருந்ததில்லை.

அந்த வருடம் மார்கழியில் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பொழுது சாயும் நேரம், மாமா வீட்டு மாட்டுக்குச் சோளத்தட்டு கொடுக்கப் போன அம்மாவோடு நானும் போனேன். கொட்டகையில் சுனாமி நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கொஞ்ச நாளாகக் கண்ணில் நீர் வடிகிற தொல்லை. அந்த ஈரத்தின் ஓரத்தில், இமைக்குக் கீழே, ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஈ என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் அந்துப்பூச்சி. விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. காய்ந்த வைக்கோல் நிறம், இறக்கையில் ஒரு சாய்ந்த கருங்கோடு. தலையிலிருந்து ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலை நீட்டி, இமையின் விளிம்பில் வைத்து, காளையின் கண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

கண்ணீர் குடிக்கும் அந்துப்பூச்சிகள் உண்டு என்று படித்திருக்கிறேன். கண்ணீரில் உப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது. பூவின் தேனில் அவை போதுமான அளவு கிடைப்பதில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த கோடு போட்ட பூச்சியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

"அம்மா, அது அழுவறத குடிக்குது!"

"அதுக்கு ஏன்டி நீ அழுவற?" என்றார் அம்மா.

உண்மைதான், எனக்குக் கண் கலங்கியிருந்தது.

படம் எடுத்து பெங்களூரில் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். மேடத்தின் பதில் உடனே வந்தது: "படம் அழகாக இருக்கிறது. பூச்சி எங்கே?" படத்தை வைத்துக்கொண்டு ஒரு புது இனத்தை அறிவிக்க முடியாது. பூச்சி கையில் வேண்டும். அதன் உடலின் உள்ளுறுப்புகளைப் பிரித்து, பழைய சேகரிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "லீவு முடிவதற்குள் கொண்டுவா. இல்லையென்றால் இதை விட்டுவிட்டுக் கோஸ் பூச்சியை எடுத்துக்கொள்ளலாம்" என்றார். கோஸ் பூச்சியைப் பற்றி உலகத்தில் எல்லாரும் எழுதியாகிவிட்டது. எங்கள் அப்பாவே எழுதத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பார்.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்ததும் மாமாவின் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் பூச்சி பறந்துவிடும் என்பதால் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். நிறையப் பைகள் வைத்த ஒரு காக்கி மேல்சட்டை, நெற்றியில் விளக்குப் பட்டை, கையில் டப்பா. (கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது எனக்கு நான் பெரிய விஞ்ஞானியாகத் தெரிந்தேன். ஊருக்கு ஈ.பி. லைன்மேனாகத் தெரிந்திருக்கிறேன்.) பூச்சி எப்படி வந்து உட்காருகிறது, எப்படி இமையோரமாக நடந்து ஈரமான இடத்தைத் தேடுகிறது, குடித்துக்கொண்டே எப்படி உபரித் தண்ணீரைப் பின்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது என்றெல்லாம் பார்த்தேன். பிடிக்க மட்டும் முடியவில்லை. டப்பாவை அருகே கொண்டுபோனால் சுனாமி ஒரு தடவை தலையை ஆட்டும். பூச்சி கூரைக்குப் போய்விடும். டப்பா சாணியில் விழும்.

இதையெல்லாம் மாமா வேறு விதமாகப் புரிந்துகொண்டார். ஒரு பெண் தினமும் சாயங்காலம் வந்து, சிவப்பு வெளிச்சம் அடித்து, தன் காளையின் கண்ணையே இமைக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். விழாவோ நெருங்குகிறது. காளைக்கோ கண்ணில் நீர் வடிகிறது. அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

"கண்ணு பட்டுருச்சு" என்றார் அப்பாவிடம்.

"யாரு கண்ணுண்ணா?"

"நான் பேர் சொல்ல மாட்டேன். ஆனா அது தெனமும் முக்காலி போட்டுனு உக்காருது."

மறுநாள் சுனாமியின் கழுத்தில் கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் தொங்கின. அதற்கு அடுத்த நாள் கொட்டகைக் கம்பத்தில், சரியாக என் முக்காலிக்கு நேரே, நாக்கை நீட்டிய ஒரு திருஷ்டிப் பொம்மை. நான் காளையைப் பார்க்க, பொம்மை என்னைப் பார்க்க, மாமா எங்கள் மூவரையும் பார்க்க, இப்படியே பொங்கல் வந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவள் ஆயிற்றே, விடுவேனா? "மாமா, கண் நோய்க்குத் திருஷ்டி சுத்தினா சரியாகாது. மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க. மருந்து போட்டா நின்னுடும்" என்று நீளமாக விளக்கினேன். மாமா முதல்முறையாக என் பேச்சை மதித்தார். டாக்டரிடம் பேசி, மறுநாள் காலை வருவதாக ஏற்பாடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மருந்து போட்டால் கண்ணீர் நிற்கும். கண்ணீர் நின்றால் பூச்சி வராது. நாலு நாளில் லீவு முடிகிறது. நல்ல புத்தி சொன்னதற்கு இவ்வளவு சீக்கிரம் தண்டனை கிடைத்த ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காலையில் டாக்டர் வரவில்லை. வேறு ஊரில் ஒரு மாடு கன்று போடக் கஷ்டப்படுகிறதாம், சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறாராம். பூச்சி வருவது ஆறரைக்கு. எனக்கு அரை மணி நேரம் கிடைத்தது.

டப்பா வேலைக்கு ஆகாது, வலைதான் என்று முடிவு செய்தேன். நீண்ட மூங்கில் பிடி, வட்டமான கம்பி, அதில் தொங்கும் வெள்ளைத் துணிப் பை. மாமா டாக்டரை அழைத்து வர ரோட்டுக்குப் போயிருந்தார். அப்பாவைக் கூப்பிட்டேன்.

"நீங்க மூக்கணாங்கயித்த கெட்டியா புடிச்சுக்கங்கப்பா. கம்பத்துல இருந்து அவுத்து, தலைய கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்புங்க."

"மாமாக்கு தெரியுமா?"

"ரெண்டு நிமிசம்பா. அறிவியல் விசயம்."

அறிவியல் என்ற சொல்லுக்கு அப்பா எப்போதும் கட்டுப்படுவார். கயிற்றை அவிழ்த்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

பூச்சி வந்தது. வலது கண்ணின் ஓரத்தில் உட்கார்ந்து குழலை நீட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வலையை மேலிருந்து மெதுவாக இறக்கினேன். காளை அசையவில்லை. துணி அதன் நெற்றியைத் தொட்டது. பூச்சி எழும்பி, நேராக மேலே பறந்து, பையின் நுனிக்குள் போய் உட்கார்ந்தது. என் கண்ணால் பார்த்தேன். உள்ளே! கைப்பிடியை ஒரு திருப்புத் திருப்பினால் பை மடங்கி வாய் மூடிக்கொள்ளும். திருப்பினேன்.

கம்பி வட்டம் கொம்பில் மாட்டியது. துணி கொம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டது.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு, எருது விடும் விழா பார்த்து வளர்ந்தவளுக்கு, இது தெரிந்திருக்க வேண்டாமா? கொம்பில் ஏதாவது கட்டினால் ஓட வேண்டும். சுனாமிக்குக் கன்றுக்குட்டியாக இருந்ததிலிருந்து மாமா சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். கொம்பில் துணி, கம்பத்தில் கயிறு இல்லை. விழா தொடங்கிவிட்டது என்று அது முடிவு செய்தது. அந்தக் கொட்டகையில் ஒழுங்காகப் பாடம் படித்திருந்தது அது ஒன்றுதான்.

அப்பா கயிற்றை விடவே இல்லை. கயிறுதான் அப்பாவை விட்டது. அவர் எருக்குழியில் உட்கார்ந்த நிலையில் "அம்மாடி, போயிருச்சு!" என்றார். அதை எனக்குத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சுனாமி தெருவில் இறங்கியது. கொம்பில் வெள்ளைத் துணி, அதிலிருந்து மூங்கில் பிடி நாலாபக்கமும் சுழன்றது. நான் பின்னால் ஓடினேன். முதல் பர்லாங்கில் ஒரு செருப்பு, தக்காளித் தோட்டத்தில் இன்னொன்று. நெற்றி விளக்கு கழுத்துக்கு இறங்கிவிட்டது. "பூச்சி! பூச்சி!" என்று நான் கத்திக்கொண்டே ஓட, ஒரு மாடு போவதைப் பார்த்துவிட்டு இவள் ஏன் பூச்சி என்று கத்துகிறாள் என்று வழியில் இருந்தவர்கள் குழம்பினார்கள்.

ஏரிக்கரையில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் இதைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. "டேய், சுனாமிய அவுத்துட்டாங்கடா! கொம்புல தட்டி கட்டிருக்குதுடா!" பந்து அந்தரத்தில் இருக்கும்போதே ஆட்டம் முடிந்தது. மொத்தக் கூட்டமும் காளைக்குப் பின்னால். அதில் முதலில் ஓடியவன் மாதேஷ். சுனாமியின் தட்டியைப் பறிப்பேன் என்று மூன்று வருடமாகச் சபதம் போட்டு, மூன்று வருடமும் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவன்.

ஊர் முனையில் லைன் வீடுகள். கம்பெனியில் வேலை செய்ய மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஷிப்ட் பஸ் வந்து நின்றது. நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பையோடு முதலில் இறங்கியவர் பெயர் செல்வக்குமார் என்று பிறகு தெரிந்தது. பத்து மணி நேரம் மிஷின் முன்னால் நின்று களைத்து இறங்குகிறவர், எதிரே ஒரு வெள்ளைக் காளை திமிலை உயர்த்திக்கொண்டு வருவதைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த மலர்ச்சியை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

"ஏய், நம்மூரு மாதிரி வருதுடா!" என்று கத்தி, சாப்பாட்டுப் பையை டிரைவர் மடியில் எறிந்துவிட்டு, பாய்ந்து திமிலைக் கட்டிப்பிடித்தார்.

சுனாமிக்கு வாழ்க்கையில் இது புதிது. அதைத் துரத்தியிருக்கிறார்கள். யாரும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டதில்லை. திகைத்துப்போய், செல்வக்குமாரைச் சுமந்தபடி இரண்டு சுற்றுச் சுற்றியது. அந்தத் திகைப்பில் மாதேஷ் எட்டிப் பாய்ந்து, துணிப் பையின் கழுத்தைப் பிடித்து, கொம்பிலிருந்து உருவிவிட்டான். வாலிபால் கூட்டம் விசிலடித்தது. காளை நின்றது. வேலை முடிந்ததென்று அதற்குத் தெரியும். ஓரமாகப் போய் யாருடைய அவரைச்செடியையோ மேய ஆரம்பித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது, மாதேஷின் கையில் துணிப் பை, செல்வக்குமாரின் கையில் மூங்கில் பிடி. இருவரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுண்ணா! கொம்புல இருந்து புடுங்கினவனுக்குத்தான் பரிசு. எங்க ஊரு வழக்கம்!"

"தம்பி, நான் திமில அணைஞ்சதாலதான மாடு நின்னுச்சு? மாட்ட நிறுத்துனவனுக்குத்தேன் பரிசு. எங்கூர்ல வந்து கேட்டுப் பாரு!"

"உங்கூர்ல கேட்டுக்கோ. இது எங்கூரு மாடு."

"மாடு உங்கூருதான். புடிச்சது எங்கூருக்காரன்ல?"

லைன் வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம், வாலிபால் கூட்டம் இந்தப் பக்கம். ஒருவன் பையைத் தடவிப் பார்த்து, "நுனியில என்னமோ இருக்குதுடா, தங்கக் காசா இருக்கும்" என்றான். உடனே மாதேஷ் உதறிப் பார்ப்பதற்காகப் பையை உயர்த்தினான்.

என் ஆராய்ச்சி முழுக்க அந்தத் துணி நுனியில் இருந்தது. உதறினால் இறக்கைச் செதில்கள் உதிரும், கோடு அழியும், பூச்சி வெறும் தூளாகிவிடும். பிறகு கோஸ்தான்.

"உதறாத!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். பஸ் டிரைவர்கூட இன்ஜினை அணைத்துவிட்டார். நான் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் புகுந்தேன். ஒரு காலில் சேறு, இன்னொன்றில் தக்காளி, கழுத்தில் எரியும் விளக்கு.

"வலைய யாரு வேணும்னாலும் வச்சுக்கங்க. பாதி பாதியா வெட்டிக்கங்க. உள்ள இருக்கறது மட்டும் எனக்கு வேணும். மாதேஷு, கழுத்த அப்டியே புடிச்சுக்கோ. அண்ணே, நீங்க பிடிய ஆட்டாம நில்லுங்க."

இருவரும் சிலையாக நின்றார்கள். மேல்சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். துணியின் நுனியில் தட்டி, பூச்சியை மெல்ல டப்பாவுக்குள் இறக்கி, மூடினேன். விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். சாய்ந்த கருங்கோடு, அப்படியே இருந்தது. பின்னங்கால் ஒன்று மட்டும் இல்லை.

கூட்டம் எட்டிப் பார்த்தது.

"இதுக்கா?" என்றான் மாதேஷ்.

"தங்கக் காசு எங்கண்ணே?" என்று யாரோ செல்வக்குமாரைக் கேட்டார்கள்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார், பின்னால் மாட்டு டாக்டர், அதற்கும் பின்னால் உடம்பெல்லாம் எருவோடு அப்பா. மாமாவுக்குக் கோபம் வந்தால் வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "நா எத்துனி ஏம் சேசாவே!" (என் எருதை என்னடி பண்ணினே!) என்று என்னை நோக்கி வந்தார். காளையின் கொம்பு, கால், வால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. அதன் பிறகுதான் தமிழுக்குத் திரும்பினார்.

"சுனாமி கொம்புல இருந்து ஒருத்தனும் எதும் எடுத்ததில்ல. இன்னிக்கு ஊரே பாக்க எடுத்துட்டானுங்க. உன்னாலதான். எதுக்கு? ஒரு பூச்சிக்கு!"

அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைக் கேட்டபோதுதான் எனக்கும் அவமானமாக இருந்தது. அவருடைய பெருமையின் மேல் நான் மாட்டை ஓட்டிவிட்டேன். ஆனாலும் டப்பாவை நீட்டினேன்.

"மாமா, இத பாருங்க. இது நம்ம சுனாமி கண்ணீரக் குடிச்சு வாழுது. நான் பாத்த வரைக்கும் இந்தப் பூச்சிய உலகத்துல யாரும் எழுதி வைக்கல. அது உண்மையா இருந்தா, இதப் பத்தி எழுதறப்ப சுனாமியப் பத்தியும் எழுதணும். வேற வழியே இல்ல."

மாமா டப்பாவை வாங்கி டாக்டரின் செல்போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். கோபத்துக்கும் வேறு ஏதோ ஒன்றுக்கும் நடுவில் அவர் முகம் தடுமாறியது.

"மத்த மாட்டுக் கண்ணீர குடிக்காதா?"

"தெரியல மாமா. இப்போதைக்கு இதுகிட்டதான் பாத்துருக்கேன்."

"குடிக்காது" என்றார் மாமா உறுதியாக. "அதுக்கும் ருசி தெரியும்ல."

டாக்டர் மருந்து போட்டார். கண்ணீர் நின்றது. வலையை மாதேஷும் செல்வக்குமாரும் உண்மையிலேயே பங்கு போட்டுக்கொண்டார்கள். துணி ஒருவருக்கு, பிடி ஒருவருக்கு. அந்த வருட விழாவில் சுனாமியின் தட்டியை யாராலும் பறிக்க முடியவில்லை. மாமாவுக்கு உயிர் வந்தது.

பெங்களூரில் மேடம் பூச்சியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதற்கப்புறம் உள்ளுறுப்புகளைப் பிரித்துப் பார்த்தது, பழைய சேகரிப்புகள் இருக்கும் இடங்களுக்கெல்லாம் போய் ஒப்பிட்டது, மரபணுவைச் சரிபார்த்தது என்று நீண்ட வேலை. கெலமங்கலம் சந்தைக்கு வந்த மாடுகளிடமிருந்தும் இன்னும் சில பூச்சிகளைப் பிடித்தேன். (ஒரு சாதாரணக் கறவை மாட்டின் கண்ணீரையும் அது குடிக்கிறது என்று சொன்னபோது மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.) குடிக்க வந்தவை அத்தனையும் ஆண்கள். அந்த விஷயத்தில், சாயங்காலமானால் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குக் குடிக்கப் போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

அது புது இனம்தான். அறிவியலில் யாரும் அதுவரை பெயர் வைக்காத ஒரு உயிர். பெயர் வைக்கும் உரிமை, வம்சத்தில் முதன்முதலாகப் பேனா பிடித்த எனக்கு வந்தது. ஊர்ப்பெயரை வைத்தால் அதன் கடைசியில் ஒரு லத்தீன் வால் சேர்ப்பார்கள். மாமா காளையின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். "அதுக்கு வால் சேக்க வேணாம், ஏற்கெனவே இருக்குது" என்றார் அப்பா. கடைசியில் லத்தீனில் "காளையின் கண்ணீர்" என்று பொருள் வருகிற மாதிரி வைத்தேன். எந்தக் காளை என்று நன்றியுரையில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மாமா லேமினேட் செய்து கொட்டகையில் மாட்டியிருக்கிறார், திருஷ்டிப் பொம்மை இருந்த அதே கம்பத்தில். விழாவில் மைக் பிடிக்கிறவர் இப்போது "உலக விஞ்ஞானிகளால் ஆராயப்பட்ட சுனாமி" என்று அறிவிக்கிறார். கூட்டம் இன்னும் அதிகமாகப் பிளக்கிறது.

என் கட்டுரையில் சேகரித்த முறை என்ற இடத்தில் ஒரே வரிதான்: "கைவலையால் பிடிக்கப்பட்டது." மூலமாதிரியின் (அதாவது, புது இனத்துக்கு ஆதாரமாக வைக்கிற அந்த முதல் பூச்சியின்) நிலை: "இடது பின்னங்கால் இல்லை." காரணம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் வீட்டில் யாரும் எதையும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதியாக அழ முடிவதில்லை. சின்னம்மா மகள் கல்யாணத்தில் பெண்ணை அனுப்பும் நேரம் எல்லாரும் தேம்பிக்கொண்டிருக்கும்போது அப்பா சத்தமாக, "டப்பா எடுத்தாங்கப்பா, பூச்சி வர்ற நேரம்" என்றார். மணப்பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் அது என்னவென்று புரியவில்லை. நான் பட்டம் வாங்கிய அன்று அப்பாவே அழுதார். அம்மா விடவில்லை. "அழுவு, அழுவு. ஏதாவது ஒரு ஜீவனாவது வயிறு நெறையட்டும்" என்றார்.

இந்தக் கேலியைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அடுத்த கேள்வி பிறந்தது. மாட்டுக் கண்ணீரைக் குடிக்கிற பூச்சி மனிதக் கண்ணீரைக் குடிக்குமா? மேடத்திடம் பேசி, கண் மருத்துவரிடம் கேட்டு, அனுமதியும் வாங்கிவிட்டேன். போன வாரம் கெலமங்கலம் பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில், மாடுகளை அடுத்த கொட்டகைக்கு மாற்றிவிட்டு, அவை நின்ற இடத்தில் நானே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சின்ன வெங்காயம் உரித்து, வலது கண்ணில் நீர் வரவழைத்தேன். செல்போனை வீடியோவில் போட்டுப் பிடித்துக்கொண்டு எதிரே அம்மா. பண்ணையில் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கன்னத்தில் ஏதோ மிக லேசாக உட்கார்ந்தது. மேலே நடந்தது. இமையின் விளிம்புக்கு வந்து நின்றது.

"வந்துருச்சாம்மா?"

"பேசாத. சிமிட்டாத" என்றார் அம்மா, மூச்சுக்கூட விடாமல். "நாக்க நீட்டிடுச்சு... குடிக்குதுடி!"

வலி இல்லை. மணல் விழுந்ததுபோல் ஒரு உறுத்தல் மட்டும். நான் கண்ணை அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டேன்.